மேசையும் வாசற்படியும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் மின்வண்டியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் குறைவு. திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை என்று நிலையங்கள் ஒவ்வொன்றாகப் பின்செல்ல, புகைபோக்கிகளும் வயல்களும் மாறி மாறி வந்துகொண்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரைக் காண அவ்வழியே சென்றிருந்தேன். தொழிற்பேட்டைக்கு அருகில், ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள் கொண்ட லைன் வீடுகளில் ஒன்றில் அவர் குடியிருந்தார்.

அந்தச் சந்தில் இரண்டு பேரைக் கண்டேன். ஒருவருக்கு அறுபது வயதிருக்கும், மற்றவர் இளைஞர். கையில் ஒரு துணிப்பை, ஒரு சிறிய குறிப்பேடு. மூன்றாவது வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளேயிருந்து அழைப்பு வரும்வரை நின்றார்கள். பிறகு உள்ளே சென்று பாயில் அமர்ந்தார்கள். அரைமணி நேரம் கழித்து வெளியே வந்தபோது பை அவர்களிடம் இல்லை. தேநீர்க் கடையில் மீண்டும் அவர்களைச் சந்தித்தபோது, ஏதேனும் தொண்டு நிறுவனமா என்று கேட்டேன்.

"நிறுவனமெல்லாம் இல்லீங்க. கோயில்ல எங்க சபை ஒண்ணு இருக்கு. வாராவாரம் கூடுவோம். ரெண்டு ரெண்டு பேரா வீடுகளுக்குப் போவோம்" என்றார் பெரியவர்.

யார் வீட்டிற்குச் சென்றீர்கள், என்ன உதவி என்று அடுத்துக் கேட்டேன். "அதை மட்டும் கேக்காதீங்க சார்" என்று சிரித்துவிட்டுத் தேநீருக்குக் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று மனத்தில் தங்கிய கேள்விகள் மூன்று. உதவி வேண்டுபவரைக் கோயிலுக்கு வரச் சொல்லாமல் ஏன் வீடு தேடிச் செல்ல வேண்டும்? ஏன் இருவராகச் செல்ல வேண்டும்? ஏன் பெயரைச் சொல்லக் கூடாது? நான் அந்தச் சமயத்தைச் சார்ந்தவன் அல்லன். ஆயினும் வரலாற்றில் ஆர்வமுள்ள எவருக்கும் இக்கேள்விகளுக்குப் பின்னால் ஒரு நெடுங்கதை இருப்பது தெரியவரும். அது பாரிஸ் நகரத்து மாடிப்படிகளுக்கு நம்மை இட்டுச் செல்கிறது. ஆனால் அதற்கு முன்பே, இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கடற்கரைக்கு ஒரு முறை சென்று வர வேண்டும்.

*

பொன்னேரியில் இறங்கிக் கிழக்கே சென்றால் பழவேற்காடு. விஜயநகரப் பேரரசின் காலத்தில் மலாக்காவிற்குத் துணி ஏற்றுமதி செய்த பெருந்துறைமுகம். 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே போர்ச்சுகீசிய வணிகர் இங்கு வந்து தங்கினர். இங்குள்ள மகிமை மாதா ஆலயம் 1515இல் தோன்றியதென்பது ஊர் மரபு. பின்னர் 1610இல் டச்சுக்காரர் பண்டகசாலை அமைத்து, 1613இல் கெல்திரியா கோட்டையையும் எழுப்பினர். அவர்கள் விட்டுச் சென்ற கல்லறைத் தோட்டம் இன்றும் உள்ளது. போர்ச்சுகீசியரின் முதன்மையான குடியிருப்பு தெற்கே மயிலாப்பூரில், சாந்தோமில் நிலைபெற்றது.

இவர்கள் போர்ச்சுகல் மன்னரின் படைவீரராகவோ அலுவலராகவோ வந்தவர்கள் அல்லர். பெரும்பாலும் தம் போக்கில் வணிகம் செய்ய வந்தவர்கள். கோவாவிலிருந்த ஆளுநரின் கை வங்கக் கடற்கரையில் அவ்வளவாக நீளவில்லை. வரலாற்றாசிரியர் சிலர் இதனை ஒரு நிழல் பேரரசு என்றே குறிப்பிடுவதுண்டு. அரசின் நிழல் மெலிந்த இடத்தில் நோயாளியை யார் பார்ப்பது? அநாதையை யார் வளர்ப்பது? மலாக்காவில் இறந்தவனின் சொத்தை லிஸ்பனிலிருக்கும் அவன் தாய்க்கு யார் சேர்ப்பிப்பது? இவற்றுக்கெல்லாம் அவர்கள் தம்முடன் கொண்டுவந்த விடை ஒரு சகோதர சபை. அதன் பெயர் மிசெரிகோர்தியா, பொருள், இரக்கம்.

லிஸ்பனில் 1498 ஆகஸ்ட் 15 அன்று லெயனோர் அரசியின் ஆதரவில் இச்சபை தோன்றியது. அதே ஆண்டு மே மாதத்தில்தான் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்திருந்தார். கப்பல்கள் சென்ற இடமெல்லாம் சபையும் சென்றது. கோவா, கொச்சி, நாகப்பட்டினம், மயிலாப்பூர், இலங்கையின் துறைமுகங்கள் என்று அது பரவியது. துறவியர் அல்லாத, இல்லற வாழ்வினரான ஆண்களின் சபை அது. உடல் சார்ந்தவை ஏழு, உள்ளம் சார்ந்தவை ஏழு ஆகப் பதினான்கு இரக்கச் செயல்கள் அதன் கடமைகள். பசித்தவருக்கு உணவு, நோயாளியைக் காணுதல், சிறைப்பட்டவரை மீட்டல், இறந்தவரை அடக்குதல் என்று அப்பட்டியல் செல்லும். தூக்கிலிடப்படும் குற்றவாளியுடன் இறுதிவரை நடந்து செல்வதும், ஆண்டுக்கு ஒரு முறை தூக்குமரத்தடியில் எஞ்சிய எலும்புகளைத் திரட்டி மரியாதையுடன் புதைப்பதும் அவர்களுடைய பணிகளே. அக்காலத்து ஐரோப்பாவில் இதைவிடத் துணிவான இரக்கம் அரிது என்றே சொல்லலாம்.

இச்சபையை ஆண்ட குழுவில் பதின்மூவர் இருந்தனர். இயேசுவையும் பன்னிரு சீடரையும் நினைவூட்டும் எண்ணிக்கை. அக்குழுவிற்கு வழங்கிய பெயர் மேசா. நம் வீடுகளில் உள்ள மேசை, அலமாரி, சாவி, சன்னல் ஆகிய சொற்கள் போர்ச்சுகீசியத்திலிருந்து வந்தவை என்பதைப் பள்ளியில் படித்திருப்போம். அந்த மேசைதான் இந்த மேசா. குழு கூடும் மேசையே குழுவின் பெயராயிற்று.

மேசை என்றாலே தலைமாடும் கால்மாடும் உண்டல்லவா? லிஸ்பன் சபையில் அறுநூறு சகோதரர் என்று வரையறை ஏற்பட்டபோது, அவர்களுள் பாதிப்பேர் உயர்குடியினர், பாதிப்பேர் கைவினைஞர் என்று பிரிக்கப்பட்டனர். தலைவர் பதவி உயர்குடியினருக்கே உரியது. யூதர்களாயிருந்து கிறித்தவம் தழுவியவரின் வழிவந்தோருக்கு இடமில்லை என்ற விதியும் பின்னர் வந்தது. கீழைக் கரைகளில் உறுப்பினர்கள் பெரும்பாலும் போர்ச்சுகீசியரும் அவர் வழியினருமே. உள்ளூர்க் கிறித்தவர் உதவி பெறலாம். மேசையில் அமர்வது வேறு செய்தி. இரக்கத்தின் கை மேலிருந்து கீழே நீண்டது. வரிசைகளுக்கும் பந்திகளுக்கும் முன்பே பழகிய நம் மண்ணில் இதை எவரும் வியந்திருக்க மாட்டார்கள்.

இதற்கு மாறான ஒரு முயற்சி அதே நூற்றாண்டில் தெற்கே முத்துக்குளித்துறையில் நிகழ்ந்தது. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலால் தமிழ் அச்சுக்கலையின் தந்தை என்று நாம் போற்றும் அன்றீக்கு அன்றீக்கசு பாதிரியார், புன்னைக்காயலில் பரதவரைக் கொண்டே ஓர் அன்புச் சபையை அமைத்தார்; ஊராரின் பொருளுதவியால் ஒரு மருத்துவமனையும் அங்கே நடந்தது. அவருடைய நூல்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம். அந்நூல்களைக் கேட்டும் படித்தும் கூடியிருந்த எளிய மனிதரின் சபையைப் பற்றி எழுதியது குறைவு. ஆயினும் அது ஒரு பாதிரியாரின் கண்காணிப்பில் வளர்ந்தது. பொதுநிலையினர் தாமே கூடி, தாமே முடிவெடுத்து, தாமே வீடு தேடிச் செல்லும் வழக்கத்தின் வேர் வேறோர் இடத்தில் இருக்கிறது.

*

1832இல் பாரிஸ் நகரை வாந்திபேதி தாக்கியது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நகரில் சட்டம் படித்துக்கொண்டிருந்த இளைஞர்களில் ஒருவர் ஃபிரெடெரிக் ஓசானாம். 1813 ஏப்ரல் 23 அன்று மிலானில் பிறந்து லியோனில் வளர்ந்தவர். தந்தை மருத்துவர், ஏழைகளிடம் கட்டணம் வாங்காதவர். அக்கால அடுக்குமாடிக் கட்டடங்களில் ஏறஏற வாடகை குறையும். ஆகவே ஏழைகள் உச்சியில்தான் இருப்பர். முதுமையில் இனி நான்காம் மாடிக்குமேல் ஏறுவதில்லை என்று ஓசானாமின் தாயும் தந்தையும் ஒருவருக்கொருவர் வாக்களித்துக்கொண்டதாகவும், பிறகு அதற்கும் மேலுள்ள ஏதோ ஒரு மாடியில் இருவரும் எதிரெதிரே சந்தித்துக்கொண்டதாகவும் அவருடைய வாழ்க்கை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி சொல்லப்படும்.

மாணவர்களிடையே வரலாறும் இலக்கியமும் விவாதிக்கும் ஒரு மன்றம் இருந்தது. எல்லாக் கொள்கையினரும் அங்கு வந்து பேசலாம். ஒரு நாள் மாற்றுக் கருத்துடைய மாணவர் ஒருவர் கேட்டார். உங்கள் சமயம் ஒரு காலத்தில் அரும்பெரும் செயல்களைச் செய்தது உண்மை. இன்று நீங்கள் ஏழைகளுக்காக என்ன செய்கிறீர்கள்? ஓசானாமிடம் சொல்லத்தக்க விடை இல்லை. அந்த வெட்கத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. அவரும் நண்பர் ஒருவரும் அன்று மாலையே தம் அறையில் எஞ்சியிருந்த விறகை ஓர் ஏழையின் வீட்டிற்குச் சுமந்து சென்றதாகக் கூறுவர்.

1833 ஏப்ரல் 23. ஓசானாமின் இருபதாம் பிறந்த நாள். பத்திரிகை ஒன்றின் அலுவலகத்தில் மாணவர் அறுவரும், அவர்களைவிட மூத்தவரான எம்மானுவேல் பாய்யியும் கூடினர். ஏழைகளை அணுகும் முறையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் முஃப்தார் தெருப் பகுதியில் பணியாற்றிய ரோசலி ராந்து என்னும் அருட்சகோதரி. எந்த வீட்டிற்குச் செல்ல வேண்டும், எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் அவரிடம் கற்ற பாடம். ரொட்டிக்கும் விறகுக்குமான சீட்டுகளும் முதலில் அவரிடமிருந்தே வந்தன. ஆண்களின் சபை என்று இன்று நாம் அறியும் ஒன்றன் முதல் ஆசிரியர் ஒரு பெண் என்பதை மறந்துவிடலாகாது. 17ஆம் நூற்றாண்டில் ஏழைகளுக்காக வாழ்ந்த வின்சென்ட் தே பவுல் அடிகளாரின் பெயரைச் சபை ஏற்றுக்கொண்டது. 1835இல் விதிநூல் எழுதப்பட்டது.

இலக்கிய ஆர்வலர்களாகிய நமக்கு இங்கே கூடுதலாக ஒரு செய்தி. இந்த ஓசானாம் பின்னாளில் சோர்போன் பல்கலைக்கழகத்தில் அயல்மொழி இலக்கியப் பேராசிரியரானார். தாந்தேயைப் பற்றி ஆய்வு செய்து 1839இல் முனைவர் பட்டம் பெற்றவர். பகலில் தாந்தேயின் விண்ணுலகப் படிகளையும் மாலையில் பாரிஸ் ஏழைகளின் மாடிப்படிகளையும் ஏறிய மனிதர் என்று அவரைச் சொல்லத் தோன்றுகிறது. 1853இல் நாற்பதாம் வயதில் மறைந்தார். 1997இல் பாரிஸில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார்.

*

சபையின் முதல் நோக்கம் ஏழைகளுக்கு உதவுவது என்றே நாம் நினைப்போம். விதிநூல் சொல்வது அதுவன்று. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் நல்வழியில் தாங்கிக்கொள்வதே முதல் நோக்கம். ஏழைகளின் வீடு தேடிச் செல்வது அதற்கான வழி. பெருநகரில் தனித்துவிடப்பட்ட மாணவர்கள் தம் நட்பையும் நம்பிக்கையையும் இழந்துவிடாதிருக்கக் கண்ட ஏற்பாடு அது. நட்பு மரம், உதவி அதன் கனி. இந்த வரிசை மாறிய இடங்களில் சபை வெறும் அரிசி வழங்கும் நிலையமாகிவிடுவதைப் பழைய உறுப்பினர்களே வருத்தத்துடன் சொல்வதுண்டு.

வாரக் கூட்டத்தின் முறை உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். தொடக்க மன்றாட்டு, சிறிது ஆன்மிக வாசிப்பு, சென்ற கூட்டத்தின் அறிக்கை, பொருளாளர் சொல்லும் கணக்கு. அதன்பின் அந்த வாரம் சென்றுவந்த வீடுகளைப் பற்றி ஒவ்வோர் இணையும் தெரிவிக்கும். கிழவியின் கண் அறுவைக்கு நாள் குறித்தாயிற்றா, பையன் மீண்டும் பள்ளிக்குப் போகிறானா, கூரைக்குத் தார்ப்பாய் போதுமா, ஓடு மாற்ற வேண்டுமா என்று பேச்சு நடக்கும். அடுத்த வாரத்திற்கு யார் எங்கே செல்வது என்று பிரித்துக்கொள்வர். இறுதியில் ஒரு துணிப்பை சுற்றி வரும்.

அந்தப் பை சிறு பொருள்தான். ஆனால் என் பார்வையில் சபையின் உயிர் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொருவரும் மூடிய கையைப் பைக்குள் விட்டு எடுப்பர். ஆயிரம் இட்டவரும் ஐந்து இட்டவரும் ஒன்றுபோலவே தெரிவர். ஒன்றும் இட இயலாதவரும் கையை விட்டு எடுத்துவிடலாம், எவரும் அறியமாட்டார். இதனால் ஏழையும் சபையில் உறுப்பினராக இருக்க முடிகிறது. மிசெரிகோர்தியாவின் மேசையில் யார் எங்கே அமர்வது என்பது பிறப்பால் முடிவாயிற்று. இங்கே பை அந்த மேசையைக் கலைத்துவிட்டது. கொடுப்பவர் யார், பெறுபவர் யார் என்ற கோடு முதன்முதலில் சபைக்கு உள்ளேயே அழிகிறது. அதன் பிறகே அவர்கள் வெளியே செல்கிறார்கள்.

இனி என் மூன்று கேள்விகளுக்கு வரலாம். ஏன் வீட்டிற்குச் செல்ல வேண்டும்? வரிசையில் நின்று பெறுபவர் தம் முகத்தைத் தெருவிற்குக் காட்டியாக வேண்டும். வீட்டில் அவர் வரவேற்பவர், வந்தவரே விருந்தினர். வாசலில் நின்று அழைப்புக்குக் காத்திருக்கும்போது அதிகாரம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். ஏன் இருவர்? சீடர்களை இருவர் இருவராக அனுப்பியதாக நற்செய்தி கூறுவது ஒரு காரணம். நடைமுறைக் காரணங்களும் உண்டு. ஒருவரின் விருப்பு வெறுப்பு மட்டும் தீர்ப்பாகிவிடாது, வீண்பழிக்கு இடமிராது, புதியவர் மூத்தவரிடம் கற்பார், எல்லாவற்றிற்கும் மேலாக, உதவி ஒரு தனிமனிதரின் பெயரால் அமையாது. ஏன் பெயரைச் சொல்லக் கூடாது? வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்ற போதனையை நாமெல்லாம் அறிவோம். வறுமையைப் பிறர் அறிய நேர்வது வறுமையைவிடக் கொடியது என்பதும் நம்மவர் அறிந்ததே.

*

சபை 1840களில் அயர்லாந்தை அடைந்தது. பின்னர் இந்தியாவிலும் கால்வைத்தது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைக்கும் வந்தது. 1830களிலிருந்து பல பத்தாண்டுகள் சென்னையின் கத்தோலிக்கத் திருச்சபையை நடத்தியவர்கள் அயர்லாந்து நாட்டு ஆயர்கள். அதே நகரத்தின் மயிலாப்பூரோ 1606இலிருந்து போர்ச்சுகல் மன்னரின் உரிமைக்கு உட்பட்ட மறைமாவட்டம். ஒரே ஊருக்குள் இரு ஆட்சி எல்லைகள், இரு வழக்கங்கள். 1952 நவம்பரில்தான் இரண்டும் இணைந்து சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் ஆயிற்று. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துப் பங்குகள் அதில் அடங்குபவை.

வெளியிலிருந்து வந்த ஒரு முறை இந்த மண்ணில் எளிதாக வேர்விட்டதற்கு மண்ணும் காரணம். சென்னையின் வடபகுதியில் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றொரு பழம்பெயர் உண்டு. 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் தோன்றிய மணியக்காரர் சத்திரத்துக் கஞ்சியின் நினைவு அது. 1867இல் இராமலிங்க அடிகள் வடலூரில் தருமச்சாலையை நிறுவினார். தாது வருடப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை வாட்டியபோது, மாயூரத்தில் தம் பொருளையெல்லாம் ஏழைகளின் கஞ்சிக்குச் செலவிட்ட வேதநாயகம் பிள்ளை ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினர். தமிழின் முதல் நாவலாசிரியர் என்று நாம் அறிந்த அவரை, நந்தனார் சரித்திரம் இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அந்தக் கொடைக்காகவே பாடினார். சமயம் கடந்த அந்த நட்பு தமிழிலக்கிய வரலாற்றின் அழகிய பக்கங்களுள் ஒன்று. அதே பஞ்சத்தில் அரசின் நிவாரணப் பணியில் உழைத்தவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமே என்று அளவைக் குறைத்தார் ரிச்சர்டு டெம்பிள். அளந்து கொடுப்பதற்கும் அறிந்து கொடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டிற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசியை ஏழைக்கென்று எடுத்து வைக்கும் பிடியரிசி வழக்கம் நம் வீடுகளில் சமய வேறுபாடின்றி இருந்தது. வின்சென்ட் தே பவுல் சபையின் பையைப் பார்த்த தமிழனுக்கு அது பிடியரிசிக் கலயத்தின் தம்பியாகவே தோன்றியிருக்கும்.

*

இதுவரை சொன்னது பாராட்டு. வரலாறு எழுதுபவன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, பெண்கள். ரோசலி ராந்துவிடம் பாடம் கற்ற சபை, 1967இல்தான் பெண்களைச் சமநிலையில் ஏற்றது. இதற்கிடையில் 1921இல் டப்ளின் நகரில் 'மரியாயின் சேனை' தோன்றியது. அதை நிறுவிய ஃபிராங்க் டஃப், வின்சென்ட் தே பவுல் சபையின் உறுப்பினர். அவருடன் முதலில் கூடியவர்களோ பெரும்பாலும் பெண்கள். இன்று தமிழகத்துப் பங்குகள் பலவற்றில் இரண்டு சபைகளும் அருகருகே இயங்குகின்றன. விதி திறந்த பின்னும், பல ஊர்களில் வின்சென்ட் சபை ஆண்களின் சபையாகவே நீடிப்பதற்குக் காரணம் விதியன்று, வழக்கம்.

இரண்டாவது, சாதி. உயர்குடியினர், கைவினைஞர் என்று போர்ச்சுகீசியர் போட்ட கோடு அழிந்தாலும், நம் மண்ணின் கோடுகள் அழியவில்லை. கோயிலிலும் கல்லறையிலும் தொடர்ந்த பாகுபாடு தமிழகத் திருச்சபையே ஒப்புக்கொண்ட உண்மை. அப்படியிருக்க, வீட்டிற்குச் செல்வது என்ற விதி இங்கே பாரிஸைவிடக் கூர்மையான சோதனையாகிறது. அரிசியைக் கொடுத்துவிட்டு வருவது எளிது. உள்ளே அழைத்தால் பாயில் அமர்வதும், கொடுத்த தண்ணீரைக் குடிப்பதும்தான் கடினம். சந்திக்கச் சென்றவர் தண்ணீர் குடித்தாரா என்பதை எந்த அறிக்கையும் பதிவு செய்வதில்லை. ஆனால் அந்த வீட்டார் பதிவு செய்துகொள்வார்கள்.

மூன்றாவது, நீதி. அரிசி கொடுப்பதால் கூலி உயருமா? இக்கேள்வியை ஓசானாமே எழுப்பினார். பட்டு நெசவாளர் 1831இலும் 1834இலும் கிளர்ந்தெழுந்த லியோன் நகரில் அவர் வணிகச் சட்டம் கற்பித்தார். உழைப்பாளியை மனிதனாகக் கருதாமல், முடிந்தவரை பயன் பிழியத்தக்க கருவியாகக் கருதுவதே சுரண்டல் என்று அங்கே மாணவருக்குச் சொன்னார். 1848இல் பாரிஸ் தெருக்களில் தொழிலாளரும் படையினரும் மோதிக்கொண்டபோது சமாதானம் பேசச் செல்லுமாறு பேராயர் அஃப்ரேவை வேண்டிக்கொண்டவர்களுள் அவரும் ஒருவர். சென்ற பேராயர் குண்டடிபட்டு இறந்தார். அந்தத் துயரம் ஓசானாமை வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. சபையின் விதி அரசியலை விலக்கியது. ஆயினும் 1861இல் பிரான்சின் உள்துறை அமைச்சர் அதன் தலைமைக் குழுவைக் கலைத்தார். அரசியல் வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள்மீதும் அரசுக்கு ஐயம் வந்தது. ஏழையின் வீட்டிற்குள் வாரந்தோறும் சென்று வருபவன் எதையெல்லாம் அறிந்திருப்பான் என்று அரசு நினைத்திருக்கலாம்.

வள்ளுவர் 'ஒப்புரவறிதல்' என்றும் 'ஈகை' என்றும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். இல்லாதவனுக்குக் கொடுப்பது ஈகை. ஊரோடும் உலகோடும் ஒத்து வாழ்ந்து பொருளைப் பொதுவாக்குவது ஒப்புரவு. 22ஆம் அதிகாரமாக ஒப்புரவும் 23ஆம் அதிகாரமாக ஈகையும் அமைந்த வரிசையைப் பார்க்கும்போது, முதலில் வேண்டுவது எது என்பதில் அவருக்கு ஐயம் இருந்ததாகத் தெரியவில்லை. ஈகையோடு நின்றுவிடும் எந்தச் சபையும் பாதி வழியிலேயே நின்றதாகும்.

*

மீண்டும் கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். பாரிஸ் மாணவர்கள் கண்ட நகரமும் இந்தத் தொழிற்பேட்டையும் ஒரு வகையில் ஒன்றுதான். இரண்டும் ஊரைவிட்டு வந்தவர்களின் இடங்கள். இரும்பு உருக்கும் ஆலைகளிலும் பிற தொழிற்கூடங்களிலும் பணிபுரிவோரில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பலர். 1990களிலிருந்து இங்கே இலங்கைத் தமிழ் அகதிகளின் பெரிய முகாம் ஒன்றும் உள்ளது. அத்தகைய முகாம்களின் பெயரைத் தமிழக அரசு 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது. பெயர் மாறிய பின்னும் முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு எந்த நாட்டின் குடியுரிமை என்ற கேள்வி முழுதாகத் தீரவில்லை.

ஒரு பங்கு என்பது ஓர் எல்லை. அதற்கொரு பதிவேடு உண்டு. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் அதில் பதிவாகும். லைன் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு வேறோர் ஆலைக்குப் பெயர்பவனின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இராது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வடமாநிலங்களை நோக்கி நெடுஞ்சாலையில் நடந்தவர்களை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம். சென்னையிலிருந்து ஆந்திர எல்லைக்குச் செல்லும் அந்தச் சாலை கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் செல்கிறது. அதுவரை நம் தெருவிலேயே குடியிருந்தவர்கள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் நம் கண்ணில் பட்டார்கள்.

அதனால்தான் அந்தச் சந்தில் கண்ட இருவரையும் நான் மறக்கவில்லை. அவர்கள் எந்தக் கணக்கிலும் பெரிய செயலைச் செய்துவிடவில்லை. அந்தத் துணிப்பையில் இருந்தது ஒரு வாரத்து மளிகையாக இருக்கலாம். கூலியை அது உயர்த்தாது. குடியுரிமையைப் பெற்றுத் தராது. ஆனால் அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், என்ன பெயர், என்ன நோய், பிள்ளை எந்த வகுப்பு என்பதை அறிந்த இரண்டு பேர் அந்த ஊரில் இருந்தார்கள். அடுத்த ஞாயிறும் வருவார்கள். வராவிட்டால் கூட்டத்தில் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். ஒப்புரவு என்பது எங்கே தொடங்குகிறது என்று தேடினால், ஒருவேளை இந்த அறிதலில்தான் தொடங்கக்கூடும்.

அன்று திரும்பும் வண்டியில் நண்பரிடம் அந்த மூன்றாவது வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கைபேசியில் கேட்டேன். அதே சுவருக்கு இந்தப் பக்கம் இரண்டு ஆண்டுகளாகக் குடியிருந்த அவர், "தெரியலையேப்பா, யாரோ இருக்காங்க" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் சொந்த வீட்டிற்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவரின் பெயரை எண்ணிப் பார்த்தேன், நினைவுக்கு வரவில்லை. வண்டி அப்போது பொன்னேரியைத் தாண்டிக்கொண்டிருந்தது.